பெயரில்லாத ஆறு பேரும் நமது இயக்கமும்

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கலந்துகொண்ட ஒருநாள் கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



கவிஞர் என்று என்னை அறிமுகப்படுத்தினார்கள். கவிதை எழுதுகிறேன், வாஸ்தவம்தான். ஆனால் காலை பத்து மணி ஆனால் நான் ஒரு வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்து பணம் எண்ணுகிற கிளார்க். இன்றைக்குப் பேசப் போகிற விஷயத்துக்குக் கவிதையைவிட அந்தக் கிளார்க் உத்தியோகம்தான் எனக்கு அதிகம் கைகொடுக்கிறது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

'சிறைப்பட்ட பெண்கள் – போதையும் பால்வினை நோயும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அழைப்பிதழைப் பார்த்துவிட்டு ஒரு தோழர் கேட்டார்: "இது டாக்டருங்க பேச வேண்டிய சங்கதியாச்சே, தலித் மேடைக்கு எதுக்குக்கா?" நல்ல கேள்வி. இந்தப் பேச்சு முழுக்க அவருக்கான பதில்தான்.

1986க்குப் போவோம். இந்தியாவில் எய்ட்ஸ் இல்லை, அது மேலைநாட்டு ஒழுக்கக்கேட்டின் நோய், நம் பண்பாடு நம்மைக் காப்பாற்றும் என்று பெரிய மனிதர்கள் சொல்லிக்கொண்டிருந்த நேரம். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன். அவருடைய மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலா. ஆய்வேட்டுக்காக ரத்தம் பரிசோதிக்க வேண்டும். பம்பாய் மாதிரி சென்னையில் தனியாக ஒரு சிவப்பு விளக்குத் தெரு கிடையாது. அப்புறம் பாலியல் தொழில் செய்கிற பெண்களை எங்கே போய்த் தேடுவது? அரசாங்கமே ஓரிடத்தில் சேர்த்து வைத்திருந்தது. அதற்குப் பெயர் விஜிலன்ஸ் ஹோம். பிராத்தல் கேஸில் பிடிபட்டு, ஜாமீன் கட்டக் காசில்லாத பெண்களை அடைத்து வைக்கிற இடம்.

நிர்மலா தினமும் காலையில் அங்கே போனார். கையுறை கிடையாது, பாதுகாப்புச் சாதனம் எதுவும் கிடையாது. எண்பது, நூறு பேரிடம் ரத்தம் எடுத்தார். மாதிரிகளைத் தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் பாதுகாத்தார். வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோய்ச் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் கிருமி இருப்பது தெரிந்தது. மறுபடி சரிபார்க்க அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள், அங்கேயும் அதே முடிவு வந்தது. அந்த மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று உலகத்துக்குத் தெரிந்தது இப்படித்தான்.

இரண்டு மருத்துவர்களும் துணிச்சலான காரியம் செய்தார்கள். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. நாடு விழித்துக்கொண்டதே அவர்களால்தான். தேசிய அளவில் குழு வந்தது, 1992இல் நாக்கோ வந்தது, 1994இல் தமிழ்நாட்டில் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்தது. இங்கே ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றிக்கொண்ட நீங்களும் நானும் பயமில்லாமல் இருக்கிறோம் என்றால் அதில் அந்தக் கண்டுபிடிப்புக்கும் பங்கு உண்டு.

ஆனால் ரத்தம் கொடுத்தவர்கள் யார்? எதற்காக எடுக்கிறோம் என்று அவர்களிடம் சொல்லப்படவில்லை. சொன்னாலும் புரிந்திருக்காது என்று நிர்மலாவே பிற்காலத்தில் பேட்டியில் சொன்னார். ஏதோ மேகநோய்க்குப் பார்க்கிறார்கள் என்று அந்தப் பெண்கள் நினைத்துக்கொண்டார்கள். அப்படி ஒரு சம்மதத்தை ஜாமீனில் வெளியே போக முடிந்த ஒரு பெண்ணிடம் வாங்கியிருக்க முடியுமா?

அடுத்தது என்ன நடந்தது என்று பாருங்கள். கிருமி இருப்பதாகத் தெரிந்த பெண்களைத் தண்டனைக் காலம் முடிந்த பிறகும் வெளியே விடவில்லை. குற்றத்துக்கான காவல் முடிந்து, நோய்க்கான காவல் ஆரம்பித்தது. எந்தச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது? எதிலும் இல்லை. ஷ்யாமளா நடராஜ் என்ற பத்திரிகையாளர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 1990இல்தான் அவர்கள் வெளியே வந்தார்கள்.

1989இல் கோவாவில் டொமினிக் டிசூசா என்ற இளைஞரை, எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காக, 64 நாட்கள் ஒரு பழைய காசநோய் ஆஸ்பத்திரியில் பூட்டி வைத்தார்கள். அவர் போராடினார். ஊர் திரண்டது. 2005இல் அவர் கதையை ஒட்டி இந்தியில் சினிமாவே வந்தது. வரவேண்டியதுதான். அவருக்கு ஒரு பெயர் இருந்தது, படிப்பு இருந்தது, பின்னால் நிற்க ஒரு தாயும் நண்பர்களும் இருந்தார்கள். நம்ம சென்னையில் அவரைவிட அதிக நாள் பூட்டி வைக்கப்பட்ட பெண்கள் வரலாற்றில் 'ஆறு மாதிரிகள்' என்றுதான் பதிவாகியிருக்கிறார்கள்.

*

இது 1986இல் முளைத்த விஷயம் இல்லை. 1868இல் வெள்ளைக்காரன் தொற்றுநோய்ச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தான். சிப்பாய்களுக்கு மேகநோய் வருகிறது, பட்டாளம் படுத்துவிடுகிறது, என்ன செய்வது? பெண்களைப் பதிவு செய்தான். கட்டாயமாகப் படுக்க வைத்துச் சோதித்தான். நோய் இருந்தால் 'லாக் ஆஸ்பத்திரி' என்ற பூட்டிய ஆஸ்பத்திரியில் அடைத்தான். சிப்பாயைப் பூட்டவில்லை. இங்கிலாந்திலும் இங்கேயும் எதிர்ப்புக் கிளம்பி, 1888இல் அந்தச் சட்டம் ஒழிந்தது.

சட்டம் ஒழிந்தது, புத்தி ஒழிந்ததா? 1956இல் வந்து 1986இல் திருத்தப்பட்ட ஒழுக்கக்கேடான வியாபாரத் தடுப்புச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். மீட்கப்பட்ட பெண்ணுக்குப் பால்வினை நோய் இருக்கிறதா என்று மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. குற்றம் நிரூபிக்கப்பட்ட பெண்ணைத் திருத்தும் இல்லத்தில் இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுவரை வைக்கலாம் என்றும் இருக்கிறது. காசு கொடுத்து வந்த ஆணுக்கு அப்படி ஒரு பரிசோதனை அதில் இல்லை. நோயின் உடல் என்று ஒரு உடலைத்தான் அதிகாரம் அடையாளம் காட்டுகிறது, அது பெண்ணின் உடல், அதிலும் காசில்லாத பெண்ணின் உடல்.

தமிழ்நாட்டுக்கென்று ஒரு சட்டம் உண்டு, 1982ஆம் வருஷத்துச் சட்டம் 14. ஜனங்கள் 'குண்டாஸ்' என்கிறார்கள். அதன் முழுப் பெயரை யாராவது வாசித்திருக்கிறீர்களா? கள்ளச்சாராயம் காய்ச்சுவோர், போதைப்பொருள் குற்றவாளிகள், குண்டர்கள், விபசாரத் தொழில் குற்றவாளிகள், குடிசைப்பகுதி நில அபகரிப்பாளர்கள் என்று வரிசையாகப் போகும். சாராயம், போதை, உடல், குடிசை, நாலையும் ஒரே மூச்சில் சொல்கிற சட்டம். சேரியைப் பற்றி மேட்டுக்குடி மனசுக்குள் என்னென்ன இருக்கிறதோ அத்தனையும் ஒரு தலைப்பில் வந்துவிட்டது. விசாரணை இல்லாமல் ஒரு வருஷம்வரை உள்ளே வைக்கலாம்.

*

இப்போது போதைக்கு வருவோம்.

2019இல் மத்திய அரசு வெளியிட்ட போதைப் பழக்கக் கணக்கெடுப்பில் மது அருந்தும் ஆண்கள் 27.3 சதவீதம், பெண்கள் 1.6 சதவீதம். "பார்த்தீங்களா, பொம்பளைங்க குடிக்கிறது கம்மிதான்" என்று அதோடு விட்டுவிடுகிறோம். கம்மி என்பதனாலேயே அவர்களுக்குப் படுக்கை கிடையாது, வார்டு கிடையாது, பேசிக் கேட்க ஆள் கிடையாது. கணக்கில் சிறியவளாக இருக்கிறவள் கவனிப்பில் இல்லாமலே போகிறாள். குடிகாரன் என்றால் ஊரில் கேலி இருக்கும், அதில் ஒரு செல்லமும் இருக்கும். குடிகாரி என்றால் வீட்டுக் கதவே சாத்திவிடும்.

ஏன் குடிக்கிறாள்? மீன் கூடை தூக்கி இடுப்பு ஒடிந்தவள் குடிக்கிறாள். சாக்கடைக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நின்று கூட்டியவள் குடிக்கிறாள். ஒரு ராத்திரிக்கு நாலு முகம் தெரியாத ஆளைச் சகிக்க வேண்டியவள் குடிக்கிறாள். குடித்துவிட்டு வருகிறவன் ஆணுறை வேண்டாம் என்கிறான், தானும் குடித்திருப்பவளுக்கு மறுத்துப் பேசத் தெம்பில்லை. போதையும் பால்வினை நோயும் சந்திக்கிற இடம் அதுதான். பையில் ஆணுறை வைத்திருந்தாலோ போலீஸ்காரர் அதையே சாட்சியமாகக் காட்டினார். உயிர் காக்கிற பொருளை வைத்திருந்தால் கேஸ், வைத்திருக்காவிட்டால் நோய்.

அப்படி ஒருத்தியைக் கைது செய்து உள்ளே தள்ளுகிறார்கள் என்று வையுங்கள். தினம் நிறையக் குடித்தவளுக்குத் திடீரென்று நின்றால் என்ன ஆகும்? இதைத் தோழர்கள் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள், வக்கீல்களுக்கும் சொல்லுங்கள். ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், குமட்டும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாள் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், பிதற்றல் வரும், காய்ச்சல் ஏறும். கவனிக்காமல் விட்டால் செத்தே போகலாம். லாக்கப்பில் இருப்பவர்கள் இதை என்னவென்று சொல்வார்கள்? "நடிக்கிறா" என்பார்கள். "பேய் புடிச்சிருக்கு" என்பார்கள். டயஸிபாம் வகை மாத்திரையும் தயமின் ஊசியும் போதும், சமாளித்துவிடலாம். எந்த அரசு ஆஸ்பத்திரியிலும் கிடைக்கிற மலிவான மருந்துகள். கேட்பதற்கு ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

ஊசி வழியாகப் போதை ஏற்றிக்கொள்கிறவர்களுக்கு வேறு ஆபத்து. ஒரே ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி.யும் மஞ்சள் காமாலைக் கிருமியான ஹெபடைட்டிஸ் சி-யும் பரவும். சிறையில் சில மாதம் கிடைக்காமல் இருந்துவிட்டு வெளியே வந்து, பழைய அளவையே எடுத்தால் உடம்பு தாங்காது. விடுதலையான முதல் இரண்டு வாரத்தில்தான் சாவு அதிகம் என்று உலகம் முழுக்கக் கண்டிருக்கிறார்கள். விடுதலை ஆகிற அன்றைக்கு மாலை போட இயக்கம் போகிறதே, அடுத்த பதினைந்து நாள் யார் போகிறோம்?

பால்வினை நோய் என்றதும் இங்கே சில பேர் தலை குனிகிறீர்கள். குனிய வேண்டாம். பெண்களுக்குப் பல தொற்றுகள் அறிகுறியே காட்டாமல் உள்ளுக்குள் இருக்கும். வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி என்று சொன்னால் "சூட்டு உடம்பு, இளநி குடி" என்று அனுப்பிவிடுவார்கள். சிபிலிஸ் இருக்கிற கர்ப்பிணிக்கு வயிற்றிலேயே பிள்ளை செத்துப் போகலாம். ஆரம்பத்திலேயே கண்டால் பென்சிலின் ஊசி ஒன்றில் தீரும். எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிறைக்குள் வருகிற ஒவ்வொருத்திக்கும் அவள் சம்மதித்தால் இந்தச் சோதனைகளைச் செய்துவிடலாம். அவள் வாழ்நாளில் ஒரு மருத்துவர் அவளைத் தொட்டுப் பார்ப்பது அதுதான் முதல் தடவையாகக்கூட இருக்கலாம். அவமானப்படுத்துவதற்கான தருணமாக அதை மாற்றி வைத்திருக்கிறோம்.

*

கிளார்க் உத்தியோகம் பற்றிச் சொல்கிறேன் என்றேனே, அதற்கு வருகிறேன்.

நகைக்கடன் கவுன்ட்டரில் உட்கார்ந்தால் ஊர் கஷ்டம் எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். ஒருநாள் ஒரு பெரியம்மா காதிலிருந்த தோட்டைக் கழற்றி வைத்தார். ஈரம் காயாத காது. "எதுக்கும்மா?" என்று கேட்டேன். படிவத்தில் காரணம் எழுதணும். "மகளுக்கு ஜாமீன்" என்றார். கஞ்சா கேஸ். விவசாயம் என்று எழுதிக்கொண்டேன். ரெண்டு கிராம்கூட தேறாத தோடு. அடுத்த வாரம் திரும்ப வந்தார். பணம் இருக்கு, ஆள் கிடைக்கலை என்றார். ரெண்டு ஜாமீன்தாரர் வேண்டும், அதில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும், சொத்துக்கு அத்தாட்சி வேண்டும். புறம்போக்கில் குடிசை போட்டு மூணு தலைமுறையாக இருக்கிற சேரியில் யாரிடம் பட்டா இருக்கிறது? யார் பெயரில் வீட்டு வரி ரசீது இருக்கிறது?

நண்பர்களே, நீதிமன்ற உத்தரவில் சாதி என்ற வார்த்தையே இருக்காது. பட்டா என்று இருக்கும். பட்டா யாரிடம் இருக்கிறது என்பது சாதி. பஞ்சமி நிலம் பற்றி நாம் பேசுகிறோமே, அது விளைச்சல் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. நிலம் போனவளுக்கு ஜாமீனும் போகிறது. ரத்த உறவு என்று கேட்கிறார்கள். குடிக்கிறாள், தொழிலுக்குப் போகிறாள் என்று வீடே துரத்திவிட்டவளுக்கு ரத்த உறவு எங்கிருந்து வரும்? அவளுடைய ரத்தத்தை எடுக்கும்போது யாரும் உறவைக் கேட்கவில்லை.

2022ஆம் ஆண்டு சிறைக் கணக்கைப் பாருங்கள். நாட்டில் 5,73,220 கைதிகள். அதில் பெண்கள் 23,772 பேர், நூற்றுக்கு நாலு. மொத்தக் கைதிகளில் நாலில் மூணு பேர் விசாரணைக் கைதிகள், அதாவது குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கில் தலித்துகள் 16.6 சதவீதம், சிறையில் ஐந்தில் ஒருவருக்கு மேல். 2023இல் ஏழைக் கைதிகளுக்கு உதவித் திட்டம் என்று மத்திய அரசு கொண்டுவந்தது. ஜாமீனுக்கு 40,000 ரூபாய்வரை அரசே கட்டும் என்றார்கள். நல்ல திட்டம். ஆனால் அந்த வழிமுறையிலேயே போதைப்பொருள் சட்டத்தில் கைதானவர்களுக்குக் கிடையாது என்று எழுதிவிட்டார்கள். பணமோசடிக்காரனையும் கஞ்சாப் பொட்டலம் விற்ற அந்தப் பெரியம்மாவின் மகளையும் ஒரே வரியில் தள்ளிவிட்டார்கள்.

*

இதுவரைக்கும் அரசாங்கத்தைத் திட்டினோம், கை தட்டினீர்கள். இனி நம்மைப் பற்றி.

வாச்சாத்தியை நாம் மறக்கவில்லை. 1992 ஜூனில் பதினெட்டுப் பழங்குடிப் பெண்கள் வல்லுறவுக்கு ஆளானார்கள். வைத்தியம் பார்க்க வேண்டியவர்களைச் சேலம் சிறையில் அடைத்தார்கள். சந்தன மரம் கடத்தினார்கள் என்று கேஸ். 2011இல் தருமபுரி நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட 269 பேருமே குற்றவாளிகள் என்றது, 2023இல் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. அந்த மக்களோடு கடைசிவரை நின்றவர்களுக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் ஒரு கேள்வி. அந்தப் பெண்கள் வீட்டில் நிஜமாகவே ஒரு சந்தனக் கட்டை இருந்திருந்தால்? நம்முடைய குரல் கொஞ்சம் தாழ்ந்திருக்காதா?

நமது சுவரொட்டியில் வருகிற பெண் எப்போதும் அப்பாவி. அவள் குடிக்க மாட்டாள், பொட்டலம் விற்க மாட்டாள், தொழிலுக்குப் போக மாட்டாள். பொய் கேஸ் என்றால் தெருவுக்கு வருகிறோம். நிஜக் கேஸ் என்றால் "அது வேற மாதிரி பொம்பள, தோழர்" என்று நகர்ந்துவிடுகிறோம். கற்பு என்பது பார்ப்பனியக் கருத்தியல் என்று மேடையில் பேசுகிறோம், யாருக்கு வக்கீல் வைப்பது என்று முடிவு பண்ணும்போது அதே கற்பைத்தான் அளவுகோலாக எடுக்கிறோம். மதுவிலக்கு கேட்கிறோம், அதற்கு நியாயம் உண்டு. டாஸ்மாக் 2003 முதல் சில்லறை விற்பனையை எடுத்துக்கொண்ட பிறகு நம்ம தெருக்களில் எத்தனை தாலி அறுந்தது என்று நமக்குத் தெரியும். ஆனால் மதுவிலக்குச் சட்டம் 1937லிருந்தே இருக்கிறது. அதில் பிடிபட்டவர்கள் ஆலை முதலாளிகளா? முந்தானைக்குள் பாக்கெட் வைத்திருந்த பெண்களைத்தான் பிடித்தார்கள். கடையை மூடு என்று முழக்கம் எழுதும்போது, உள்ளே போகப் போகிறவள் யார் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

பாபாசாகேப் 1936 ஜூனில் பம்பாய் தாமோதர் ஹாலில் தேவதாசிகளிடமும் காமாட்டிபுரத்துப் பெண்களிடமும் பேசினார். அந்த வாழ்க்கையை விட்டு வெளியே வாருங்கள் என்று கடுமையாகவே சொன்னார். அந்தக் கடுமையோடு எனக்கு உடன்பாடு இல்லை. வேறு பிழைப்பு இல்லாதவளிடம் மானத்தைப் பற்றி மட்டும் பேசினால் போதாது என்று நான் நினைக்கிறேன். அம்பேத்கரிடம் முரண்படுகிற உரிமையையும் அவரிடமிருந்துதான் கற்றோம். ஆனால் அவர் அவர்களை உட்கார வைத்து, நேருக்கு நேர் பேசினார். நாம் அதுகூடச் செய்யவில்லை.

*

சரி, என்ன செய்யலாம்? மாணவர்கள் இருக்கிறீர்கள், அதனால் வேலையாகவே சொல்கிறேன்.

முதலாவது, கைக்குக் கிடைத்திருக்கிற ஆயுதங்களைப் படியுங்கள். 2017இல் நிறைவேறி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், விவரம் சொல்லிச் சம்மதம் வாங்காமல் சோதிக்கக் கூடாது என்கிறது. அரசின் காவலில் இருப்பவருக்கும் ஆலோசனையும் சிகிச்சையும் உரிமை என்கிறது. 1986இல் அந்த ஆறு பேருக்கு இல்லாத உரிமை இது. 2022 மே 19இல் உச்ச நீதிமன்றம், ஆணுறையைக் குற்றத்துக்குச் சான்றாக்கக் கூடாது என்றது. இல்லங்களில் விருப்பத்துக்கு மாறாக அடைக்கப்பட்டிருக்கும் வயதுவந்த பெண்களைக் கணக்கெடுத்து, விடுவிக்க நடவடிக்கை எடுக்கச் சொன்னது. நம்ம மாவட்டத்தில் அந்தக் கணக்கு எடுத்தார்களா என்று ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். மனு எழுதத் தெரியாவிட்டால் நான் எழுதித் தருகிறேன், தினமும் நான் அதைத்தான் எழுதுகிறேன்.

இரண்டாவது, போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. சிறிய அளவோடு பிடிபட்ட போதை அடிமை, தானாக அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சைக்குச் சம்மதித்தால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. கஞ்சா என்றால் ஒரு கிலோ வரை சிறிய அளவு. இதை எந்த வக்கீல் அந்தப் பெண்ணிடம் சொல்கிறார்? சொன்னாலும் பெண்களுக்கென்று வார்டு வேண்டாமா? மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பெண்களுக்குப் போதை மீட்புப் படுக்கை வேண்டும் என்பதை நம் கோரிக்கைப் பட்டியலில், கல்வி உதவித்தொகைக்குப் பக்கத்திலேயே சேருங்கள்.

மூன்றாவது, 2024 அக்டோபர் 3இல் சுகன்யா சாந்தா வழக்கில் சிறைக்குள் சாதி பார்த்து வேலை கொடுப்பதும் சாதி பார்த்துப் பிரித்து அடைப்பதும் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெண்கள் சிறையில் கக்கூஸ் கழுவுவது யார் என்று கேளுங்கள். புழலிலோ வேலூரிலோ திருச்சியிலோ இருந்து வெளியே வந்த அக்காக்களைக் கூப்பிட்டு இந்த மாதிரி ஒரு மேடையில் பேச வையுங்கள். அவர்கள் பேசும்போது நான் அதோ அந்தச் சுவரோரத்தில் உட்கார்ந்து கேட்கிறேன்.

நான்காவது, ஜாமீன். நம்ம இயக்கத்தில் பட்டா உள்ளவர்கள், அரசு உத்தியோகம் பார்ப்பவர்கள், என்னைப் போல வங்கியில் சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறோம். இட ஒதுக்கீட்டில் வந்த சம்பளம் இது. ஊருக்கு இத்தனை பேர் என்று ஒரு ஜாமீன்தாரர் பட்டியல் தயார் செய்வோம். பொய் கேஸா நிஜக் கேஸா என்று கேட்காமல், அவள் குடிப்பாளா என்று கேட்காமல் கையெழுத்துப் போடுகிற பட்டியல். பயமாக இருக்கிறதா? எனக்கும்தான் இருக்கிறது. ஆள் ஓடிவிட்டால் பணம் நாம் கட்ட வேண்டும். கேஸ்களை வக்கீலோடு உட்கார்ந்து பார்ப்போம், பத்துப் பேர் சேர்ந்து ஒரு நிதி வைப்போம், பயத்தைப் பங்கு போட்டுக்கொள்வோம்.

ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவந்திருக்கிறேன். முதல் வரியில் என் பெயரும் சம்பளச் சான்று எண்ணும் எழுதியிருக்கிறேன். டீ இடைவேளையில் அது வாசல் மேசையில் இருக்கும்.